கியூ ஜாயிண்ட்: எவர்சில்வரா, ஃபினாலிக்கா, மரமா?

போன மாதம் எங்கள் எட்டுப் பந்து பூல் லீக் அணியில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவன் இரண்டு கியூக்களின், அதாவது பந்தை அடிக்கும் கோல்களின், படத்தை அனுப்பி, “அண்ணா, இதுல எதை வாங்கட்டும்?” என்று கேட்டான். இரண்டுமே பழையவை, விலை ஏறக்குறைய ஒன்றுதான், இரண்டும் 19 அவுன்ஸ். ஒன்றில், கியூவின் இரண்டு பாதிகளையும் திருகி இணைக்கிற ஜாயிண்ட் பளபளவென்று ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், 5/16-14 பின். மற்றதில் கறுப்பு ஃபினாலிக் (ஒருவகைக் கெட்டிப் பிளாஸ்டிக்) காலர், 3/8-10 பின். நான் பதில் எழுதுவதற்குள் அணியில் மற்றவர்கள் எல்லோரும் தீர்ப்புச் சொல்லி முடித்துவிட்டார்கள். ஸ்டீல் என்றால் அடி கெட்டியாக இருக்கும், ஃபினாலிக் கொஞ்சம் மென்மை, மரத்தோடு மரம் சேர்ந்தால்தான் உண்மையான உணர்வு, தந்தம் கிடைத்தால் யோசிக்காமல் வாங்கிவிடு.

நானும் இதையெல்லாம் பத்து வருடமாகப் பிறருக்குச் சொல்லிக்கொண்டிருந்தவன்தான். என் முதல் கியூவை வாங்கிய கடையில் “ஸ்டீல் ஜாயிண்ட் பவரை அப்படியே பந்துக்கு அனுப்பும்” என்று சொல்லித்தான் விற்றார்கள், நானும் நம்பி வாங்கினேன். இப்போது அப்படிச் சொல்வதில்லை. ஜாயிண்டின் பொருளைப் பார்த்துக் கியூ வாங்காதே என்பதுதான் தம்பிக்கு நான் சொன்னது. ஆனால் ஜாயிண்டையே பார்க்காதே என்று சொல்லவில்லை. இரண்டும் வேறு வேறு பேச்சு.

பூல் கியூ பொதுவாக 58 அங்குலம். முன்பாதியான ஷாஃப்ட் 29, பின்பாதியான பட் 29, நடுவில் ஜாயிண்ட். சென்னையில் கிளப்பில் ஸ்னூக்கர் ஆடிப் பழகி இங்கே அமெரிக்காவுக்கு வந்தவன் என்பதால் எனக்கு முதலில் விசித்திரமாகப் பட்டது இதுதான். ஸ்னூக்கரில் பெரும்பாலும் ஒன்று முழுக் கியூ, இல்லை முக்கால் ஜாயிண்ட். இணைப்பு கைப்பிடிக்குப் பக்கத்தில் ஒளிந்திருக்கும், பெரும்பாலும் பித்தளை, அதைப் பற்றி யாரும் மணிக்கணக்கில் வாதாடுவதில்லை. அங்கே சண்டை எல்லாம் ஆஷ் மரமா மேப்பிளா என்றுதான். ஊட்டி கிளப்பில் 1882-இல் ஸ்னூக்கர் விதிகளை எழுதி மாட்டிய காலத்திலிருந்து இன்றுவரை அந்த ஆட்டக்காரர்கள் ஜாயிண்டை ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளாமலே பந்தைக் குழியில் தள்ளிக்கொண்டிருக்கிறார்கள். பூல்காரர்களுக்கு மட்டும் கியூவின் சரிபாதியில், கண்ணுக்கு நேராக, மினுங்கும் ஒரு வளையம். கண்ணில் படுவதற்குப் பெருமை சேராமல் இருக்குமா?

சரி, குழப்பம் தொடங்குகிற இடத்துக்கு வருவோம். ‘ஸ்டீல் ஜாயிண்ட்’ என்று விளம்பரத்தில் எழுதும்போது உண்மையில் சொல்வது வெளியே தெரியும் காலரை மட்டும். ஜாயிண்ட் என்பது மூன்று சங்கதி சேர்ந்தது. ஒன்று அந்தக் காலர். இரண்டு, பட்டிலிருந்து நீட்டிக்கொண்டு ஷாஃப்டுக்குள் திருகிக்கொள்ளும் பின். மூன்று, இரண்டு முகங்களும் எப்படி ஒட்டுகின்றன என்பது: தட்டையாக முகத்தோடு முகம் சேர்வதா, அல்லது ஷாஃப்டின் முனையில் சிறு குமிழாக நீண்டிருக்கும் பகுதி காலரின் உள்ளே போய் உட்கார்வதா. இந்த இரண்டாவதைத்தான் பைலட்டட் ஜாயிண்ட் என்கிறார்கள். ஃபினாலிக் காலர் போட்ட கியூவின் உள்ளே மூன்று அங்குல எஃகுப் பின் இருக்கலாம். ஸ்டீல் காலர் போட்ட கியூவின் ஷாஃப்டுக்குள் பித்தளை மரை இருக்கலாம். வெளியே தெரிகிற சட்டையைப் பார்த்து ஆளை எடை போடுகிற கதைதான்.

எண்களும் பலரைக் குழப்புகின்றன. 5/16-14 என்றால் பின்னின் விட்டம் 5/16 அங்குலம், அதாவது சுமார் 7.9 மில்லிமீட்டர், ஓர் அங்குலத்துக்கு 14 மரை. 5/16-18 அதே விட்டம், ஆனால் மரை நெருக்கம். ஒன்றின் ஷாஃப்ட் மற்றதில் ஏறாது, ஏற்றப் பார்த்தால் மரை நாசமாகும். 3/8-10 என்பது 9.5 மில்லிமீட்டர் தடிமன், அகலமான மரை, அதனால் உலோகச் செருகல் இல்லாமல் மரத்திலேயே நேராக மரை வெட்டலாம். ரேடியல் பின்னும் அந்த வகைதான், மரையின் அடி வளைவாக இருக்கும், மரத்தில் நன்றாக நடுப்பட்டு உட்காரும். யூனி-லாக் போன்ற விரைவு ஜாயிண்ட்கள் சில சுற்றுகளிலேயே பூட்டிக்கொள்ளும்.

இப்போது எடை. பொருளால் உணர்வு மாறுகிறது என்று சொல்வதில் நான் முழுமனதோடு ஒத்துக்கொள்வது இந்த ஒன்றைத்தான், அதனால் கொஞ்சம் கணக்கே போட்டுவிடுகிறேன். ஜாயிண்ட் இருக்கும் இடத்தில் கியூவின் விட்டம் சுமார் 21 மில்லிமீட்டர். ஓர் அங்குல நீளமும் மூன்று மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைந்த சுவரும் கொண்ட காலர் என்று வைத்தால் அதன் கன அளவு நான்கு கன சென்டிமீட்டர் வரும். எஃகு கன சென்டிமீட்டருக்கு எட்டு கிராம், ஆக 32 கிராம். அதே காலரை ஃபினாலிக்கில் கடைந்தால் ஐந்தாறு கிராம்தான். வித்தியாசம் 27 கிராம் போல, கிட்டத்தட்ட ஓர் அவுன்ஸ். 540 கிராம் கியூவில் ஓர் அவுன்ஸ் என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். ஆனால் வாங்குகிறவர் 19 அவுன்ஸ் கேட்கிறார், அதனால் காலரில் ஏறிய எடையைப் பின்முனையில் இருக்கும் எடைத் திருகிலிருந்து எடுத்துவிடுகிறார்கள். அதாவது 27 கிராம், கியூவின் வால்பகுதியிலிருந்து கிளம்பி 70 சென்டிமீட்டர் முன்னால் வந்து உட்காருகிறது. இதனால் சமநிலைப் புள்ளி மூன்று, மூன்றரை சென்டிமீட்டர் முன்னே நகரும். அதைக் கை கண்டிப்பாக உணரும். பிரிட்ஜ் போடும் கையில், அதாவது கியூவின் முன்பகுதியைத் தாங்கும் கையில், பாரம் கூடும், அதே 19 அவுன்ஸ் கனமாகத் தெரியும், ஸ்ட்ரோக் நேராகப் போவது போல ஓர் உறுதி கிடைக்கும். நீளமான கை உள்ளவர்கள், பின்னால் தள்ளிப் பிடிப்பவர்கள் பலருக்கு இது பிடிக்கிறது. எனக்குப் பிடிக்கவில்லை, மெதுவாகத் தொட்டு விடவேண்டிய அடிகளில் முன்பாரம் என்னை இழுக்கிறது.

ஆனால் கவனியுங்கள், இது எடையின் வேலை, எஃகின் வேலை அல்ல. ஃபினாலிக் காலருக்குள் எஃகுப் பின் இருந்தால் அந்தப் பின் மட்டுமே 30 கிராமைத் தாண்டலாம். அதையே டைட்டானியத்தில் செய்தால் 18 கிராம் வரும், ஜி-10 என்கிற கண்ணாடியிழைப் பொருளில் செய்தால் எட்டுக் கிராம்கூட வராது. ஆக ‘ஸ்டீல் ஜாயிண்ட்’ கியூ ஒன்றும் ‘ஃபினாலிக் ஜாயிண்ட்’ கியூ ஒன்றும் நடுவில் ஒரே எடையோடு இருக்க முடியும், ஒரே பெயர் கொண்ட இரண்டு கியூக்கள் ஓர் அவுன்ஸ் வித்தியாசத்தோடும் இருக்க முடியும். விற்பவரிடம் காலர் என்ன பொருள் என்று கேட்பதற்குப் பதில் சமநிலைப் புள்ளி பின்முனையிலிருந்து எத்தனை அங்குலம் என்று கேளுங்கள். 18 அங்குலம் வாக்கில் இருப்பது சாதாரணம். 19-ஐத் தாண்டினால் முன்பாரம்.

அப்படியானால் ஸ்டீல் கெட்டி, பிளாஸ்டிக் மென்மை என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? என் கணிப்பு, இரண்டு கியூக்களின் புகழிலிருந்து வந்தது. ஒரு பக்கம் ஜார்ஜ் பலபுஷ்கா. ரஷ்யாவில் பிறந்து அமெரிக்கா வந்தவர், புரூக்ளினில் மரவேலை செய்தவர், 1959 வாக்கில் தொடங்கி 1975-இல் இறக்கும்வரை கியூ செய்தார். அவர் கியூக்களின் அடையாளமே 5/16-14 பைலட்டட் ஸ்டீல் ஜாயிண்ட். ஜாஸ், ஷோன் போன்ற கியூ நிறுவனங்கள் அந்த மரபைப் பின்பற்றின. இன்னொரு பக்கம் பாப் மியூச்சி. அவருடைய கியூவில் பிளாஸ்டிக் காலர், 5/16-18 பின், தட்டை முகம். மியூச்சியில் ஆடிப் பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே குரலில் சொல்வது, அடி வெண்ணெய் மாதிரி இருக்கிறது, பந்தில் சுழற்சி அள்ளுகிறது என்று. அதற்குக் காரணம் பிளாஸ்டிக் ஜாயிண்ட் என்று முடிவு கட்டிவிட்டார்கள். ஆனால் மியூச்சி ஷாஃப்டைக் கையில் எடுத்து வளைத்துப் பாருங்கள். நீண்ட தூரத்துக்கு ஒல்லியாகவே வரும் டேப்பர், நன்றாக வளைந்துகொடுக்கும். பழைய ஸ்டீல் ஜாயிண்ட் கியூக்களின் ஷாஃப்ட் பல சமயம் விறைப்பானது. ஷாஃப்டின் நுனியில் மாட்டும் சிறு வளையமான ஃபெரூலும் வேறு, அதன் மேல் ஒட்டிப் பந்தைத் தொடும் டிப்பும் வேறு. ஐந்து விஷயம் ஒன்றாக மாறியிருக்கும்போது கண்ணுக்குப் பளிச்சென்று தெரிந்த ஒன்றின் தலையில் மொத்தப் பெருமையையும் ஏற்றிவிட்டார்கள். சாம்பார் நன்றாக இருந்ததற்குப் பாத்திரத்தைப் பாராட்டுவது போல.

ஃபினாலிக் பற்றிக் கொஞ்சம். 1907-இல் லியோ பேக்லண்ட் கண்டுபிடித்த பேக்கலைட்டின் குடும்பம்தான் இது. காலருக்குப் பயன்படுவது பெரும்பாலும் துணியை அடுக்கடுக்காகப் பிசினில் தோய்த்து அழுத்திய வகை. வெயில், ஈரம், அடி எதற்கும் அசராது, கடைசலில் அழகாக வரும், எஃகைவிட மிகவும் இலேசு. மேசை மேல் உருளும் பந்தும் ஃபினாலிக்தான் என்பதை மறந்துவிடுகிறோம். அந்தப் பந்தை யாரும் மென்மையானது என்று சொல்வதில்லை! ‘மென்மையான’ ஜாயிண்ட் என்ற சொல்லே தவறு என்று நான் நினைப்பதற்கு இதுவும் காரணம். இந்தக் காலர் மரத்தின் விளிம்பு உடையாமல் காக்கிற வளையம், அவ்வளவுதான். எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது இதுதான், ஆனால் உணர்வுக்காக அல்ல, தொல்லை இல்லாததற்காக.

தந்தத்தைப் பற்றி நீட்டப்போவதில்லை. பழைய விலையுயர்ந்த கியூக்களில் தந்தக் காலர் உண்டு, அதன் அடி ‘வெதுவெதுப்பாக’ இருக்கும் என்று கண்கள் சொக்கச் சொல்வார்கள். தந்தம் ஃபினாலிக்கைவிடக் கொஞ்சம் கனம், எஃகின் எடையில் நாலில் ஒரு பங்குக்கும் குறைவு, அவ்வளவுதான் அதன் ரகசியம். காய்ந்தால் வெடிக்கும். பன்னாட்டு வணிகத்துக்கு 1990-இலிருந்து சைட்ஸ் உடன்படிக்கையின் தடை, அமெரிக்காவுக்குள்ளேயே 2016 ஜூலையிலிருந்து ஆப்பிரிக்க யானைத் தந்த விற்பனைக்கு ஏறக்குறைய முழுத் தடை. இந்தியாவுக்கு எடுத்துக்கொண்டு போகலாம் என்று கனவிலும் நினைக்காதீர்கள், விமான நிலையத்தில் கியூவோடு சேர்த்து நீங்களும் மாட்டிக்கொள்வீர்கள். யானையிடமே இருக்கட்டும்.

மரத்தோடு மரம் என்பது கேட்பதற்கு எல்லாவற்றிலும் இனிமையானது. தூய்மை, இயற்கை, இடையில் எதுவும் இல்லை! ஆனால் இடையில் பின் இருக்கிறது. அந்தப் பின் பெரும்பாலும் உலோகம். பல கியூக்களில் ‘மரத்தோடு மரம்’ என்றால் முகங்களின் நடுப்பகுதி மரம், விளிம்பில் ஃபினாலிக் வளையம் என்று அர்த்தம். நிஜமாகவே வளையமே இல்லாமல் வருவது ஸ்னீக்கி பீட் கியூக்கள். அதன் கதை சுவாரசியமானது. பந்தயம் கட்டி ஆடுகிறவர்கள், சுவரில் மாட்டியிருக்கும் பொதுக் கியூ போலவே தோன்றும்படி செய்வித்துக்கொண்ட நல்ல கியூ அது. ஜாயிண்ட் கண்ணுக்குத் தெரியக்கூடாது, தெரிந்தால் எதிராளி உஷாராகிவிடுவான். ஆக அந்த மர ஜாயிண்ட் பிறந்தது உணர்வுக்காக அல்ல, ஏமாற்றுவதற்காக! இன்றைக்கு அது பலரும் விரும்பி வாங்கும் எளிய, விலை குறைந்த நல்ல கியூ. குறை ஒன்றுதான்: மர முகம் ஈரத்தை இழுக்கும். வீட்டுக்குள் ஏசி, வெளியே புழுக்கம் என்று மாறி மாறிப் போனால் மரை இறுகும் அல்லது தளரும், ஷாஃப்டும் பட்டும் சேரும் இடத்தில் விரலுக்கு ஒரு சிறு படி தட்டுப்படும். டாலஸ் வெயிலில் காருக்குள் விட்டுவிட்டு அழுத அனுபவம் எனக்கு உண்டு. சென்னையில் ஆடுகிறவராக இருந்தால் கடல் காற்றையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். மரத்தில் மரை வெட்டிய ஷாஃப்டாக இருந்தால் பின்னில் மெழுகுவத்தியை லேசாகத் தேய்த்து வைத்தால் கிறீச்சிடாமல் திருகும்.

இதற்கெல்லாம் அடியில் ஒரு கேள்வி இருக்கிறது. டிப் பந்தைத் தொடும்போது ஜாயிண்டுக்கு அங்கே ஏதாவது வேலை இருக்கிறதா? டிப்பும் பந்தும் தொட்டுக்கொண்டிருப்பது ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அவ்வளவுதான். “அதற்குள் ஜாயிண்ட் வரை எதுவும் போய்ச் சேராது” என்று சிலர் ஒரே போடாகப் போடுவார்கள். அது சரியல்ல. மேப்பிள் மரத்தில் நீளவாக்கில் அதிர்வு நொடிக்கு நாலாயிரம் மீட்டர் போல ஓடும், ஆக டிப்பிலிருந்து 74 சென்டிமீட்டரில் இருக்கும் ஜாயிண்டை அது அந்த நேரத்தின் ஐந்தில் ஒரு பங்கிலேயே எட்டிவிடும், கியூவின் கடைசிவரை போய்த் திரும்பியும் வந்துவிடும். அதனால் தளர்ந்த ஜாயிண்ட், ஒட்டாத முகம், இவை அடியின் வேகத்தில் கொஞ்சம் தின்னக்கூடும். ஆனால் இறுக்கமாகச் சேர்ந்த ஜாயிண்ட் ஒவ்வொன்றும், அது எஃகோ மரமோ, இந்த அதிர்வைக் கடத்திவிடுகிறது. பக்கவாட்டு அசைவு வேறு கதை. ஓரத்தில் அடித்து இங்கிலீஷ், அதாவது பக்கச் சுழற்சி, கொடுக்கும்போது ஷாஃப்ட் பக்கவாட்டில் தள்ளப்படுகிறதே, அந்த அசைவு மெதுவாகத்தான் பரவும், பந்து கிளம்புவதற்குள் ஷாஃப்டின் முன்னால் ஒரு சாண் தூரம்கூடத் தாண்டாது. பந்து குறிவைத்த கோட்டிலிருந்து எவ்வளவு விலகும் (டிஃப்ளெக்ஷன் என்பது இதைத்தான்) என்பதைத் தீர்மானிப்பது அந்த ஒரு சாணின் எடை. பிரிடேட்டர் நிறுவனம் 1994-இல் கொண்டுவந்த 314 ஷாஃப்ட், இன்றைய கார்பன் ஷாஃப்ட்கள், எல்லாம் முன்முனையைக் குடைந்து எடை குறைத்தது அதற்காகத்தான். ஜாயிண்ட் அந்த வட்டாரத்திலேயே இல்லை. “இந்த ஜாயிண்டில் டிஃப்ளெக்‌ஷன் குறைவு” என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

மிச்சம் இருப்பது உணர்வு. கைக்கு அதிர்வு வந்து மூளை அதைப் புரிந்துகொள்வதற்குள் பந்து சில சென்டிமீட்டர் போயேவிட்டது. அதாவது நாம் ‘அடி’ என்று ரசிப்பது அடி முடிந்த பிறகு கியூ போடுகிற ரீங்காரம். ஜாயிண்ட் கியூவின் நடுவில் இருக்கிறது, கம்பு வளைந்து அதிரும் அடிப்படை அதிர்வில் நடுப்பகுதியும் நன்றாக ஆடும். அங்கே எடை கூடினால் அதிர்வு மெதுவாகும், ஒலியின் சுருதி இறங்கும். மிருதங்கத்தின் தொப்பியில் ரவையை அப்பிச் சுருதியை இறக்குவதைப் பார்த்திருப்பீர்களே, அதே வேலை. ஆகவே கனமான ஜாயிண்டும் இலேசான ஜாயிண்டும் வேறு விதமாக ஒலிப்பதும் கையில் வேறு விதமாகத் துடிப்பதும் உண்மைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அது பந்துக்குத் தெரியாது.

நானே ஒரு நாள் பூல் ஹாலில் ஆள் குறைவாக இருந்த மதியத்தில் சோதித்துப் பார்த்தேன். நண்பர் ஒருவரிடமும் என்னிடமும் 3/8-10 பின் வைத்த பட்கள் மொத்தம் மூன்று இருந்தன: ஒன்றில் ஸ்டீல் காலர், ஒன்றில் ஃபினாலிக், மற்றது வெறும் மரம். என் ஷாஃப்ட் மூன்றிலும் ஏறியது. முகங்கள் தட்டை என்பதால் பெரிய தொல்லை இல்லை, காலர் விட்டம் மட்டும் மயிரிழை முன்னே பின்னே. ஜாயிண்டைச் சுற்றித் துணி ஒட்டி, நான் திரும்பி நிற்க, அவர் மாற்றி மாற்றிக் கொடுத்தார். ஸ்டீலை உடனே கண்டுபிடித்தேன், ஆனால் அடித்து அல்ல, தூக்கியதுமே, பாரத்தால். மற்ற இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லி மானம் போனதுதான் மிச்சம். பிறகு ஒரே பட்டில் என் மர ஷாஃப்டையும் அவருடைய கார்பன் ஷாஃப்டையும் மாட்டி அடித்தோம். முதல் அடியிலேயே தெரிந்துவிட்டது, கண்ணைக் கட்டியிருந்தாலும் தெரிந்திருக்கும். டிப் மாறினாலும் அப்படித்தான்: புதுசாக ஒட்டிய மென்மையான டிப்பும் ஒரு வருடம் அடித்து இறுகிப்போன டிப்பும் இரண்டு வேறு கியூக்கள்.

அன்று மூக்கை நிமிர்த்திக்கொண்டு, ‘உணர்வு என்பது முழுக்கக் காது’ என்று நண்பரிடம் அளந்தேன். அவர் ஒரே வார்த்தையில் அடக்கினார்: “ஷேன்?” ஷேன் வான் போனிங் பிறவியிலேயே கேட்கும் திறன் குறைந்தவர், காதில் கருவி அணிகிறவர், அமெரிக்க ஓப்பன் ஒன்பது பந்துப் பட்டத்தை ஐந்து முறை வென்றவர், 2022-இல் உலகச் சாம்பியன். சரி, கைக்கும் பங்கு உண்டு. ‘முழுக்க’ என்பதை வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

இன்னொரு வேடிக்கை. ஒரு ஜாயிண்டுக்குக் கொடுக்கும் உச்சபட்சப் பாராட்டு, “ஒரே துண்டு கியூ மாதிரி இருக்குப்பா” என்பது. நிஜமான ஒரே துண்டுக் கியூக்கள் பூல் ஹால் சுவர் முழுக்க இலவசமாகத் தொங்குகின்றன, அவற்றை நாங்கள் யாரும் தொடுவதில்லை. ஏன்? டிப் காளானாக விரிந்திருக்கும், ஃபெரூல் விட்டிருக்கும், ஷாஃப்டில் பிசுக்கு. உலகிலேயே சிறந்த ‘ஜாயிண்ட்’ இருந்தும் பத்து டாலர் டிப் சரியில்லாததால் அந்தக் கியூ குப்பை.

ஆக வாங்கும்போது ஜாயிண்டில் என்ன பார்ப்பது? பொருத்தம், அப்புறம் சந்தையில் ஷாஃப்ட் கிடைக்குமா என்பது. பொருத்தம் பார்க்க ஐந்து நிமிடம் போதும். திருகி இறுக்கி விளக்குக்கு நேராகப் பிடியுங்கள், முகங்களுக்கு நடுவே வெளிச்சம் கசியக்கூடாது. கடைசிச் சுற்று வரை லேசாகத் திருகி, பிறகு சட்டென்று நிற்க வேண்டும். பாதியிலிருந்தே முரண்டு பிடித்தால் மரை கெட்டிருக்கிறது, கடைசிவரை கொளகொளவென்று வந்தால் தேய்ந்திருக்கிறது. பைலட்டட் ஜாயிண்டில் குமிழ் காலருக்குள் உள்ளங்கை அழுத்தத்தில் போய் உட்கார வேண்டும், ஆனால் அது அடியில் முட்டி முகங்களைச் சேரவிடாமல் தடுக்கக்கூடாது. நன்றாகச் செய்த பைலட்டட் ஜாயிண்ட் அற்புதம், சுமாராகச் செய்தது தட்டை முகத்தைவிட மோசம், இதற்குத் துல்லியம் கூடுதலாக வேண்டும். அப்புறம் கியூவை இரண்டு விரலில் தளர்வாகத் தொங்கவிட்டு உள்ளங்கையால் தட்டிக் கேளுங்கள். சுத்தமான ஒலி வந்தால் நல்லது. கடகடவென்றால் ஜாயிண்டைத் திட்டுவதற்கு முன் பின்முனை ரப்பரைக் கழற்றி எடைத் திருகை இறுக்கிப் பாருங்கள், பாதி நேரம் குற்றவாளி அதுதான்.

ஷாஃப்ட் கிடைப்பது இன்றைக்கு எல்லாவற்றையும்விட முக்கியம் என்பேன். 2016-இல் பிரிடேட்டர் ரெவோ வந்த பிறகு கார்பன் ஷாஃப்ட் எல்லோர் ஆசையிலும் நுழைந்துவிட்டது, இன்று இல்லாவிட்டாலும் இரண்டு வருடத்தில் உங்களுக்கும் வரும். ஒரு ஷாஃப்ட் 500 டாலரைத் தொடுகிறது, பல சமயம் பட்டைவிட விலை. அப்போது உங்கள் பின்னுக்கு ஷாஃப்ட் இல்லை என்றால் அழுகைதான். 3/8-10, 5/16-14, 5/16-18, ரேடியல், யூனி-லாக் ஆகியவற்றுக்குத் தாராளமாகக் கிடைக்கும். மெக்டெர்மாட் நெடுங்காலமாக 3/8-10, பிரிடேட்டர் யூனி-லாக் என்று பெரிய பெயர்களின் பின்னால் ஒரு சந்தையே இருக்கிறது. கியூடெக்கின் 3/8-14, மெஸ்ஸின் சொந்த ஜாயிண்ட் போன்றவை நல்லவைதான், ஆனால் அந்த வட்டத்துக்குள்ளேயே பெரும்பாலும் சுற்ற வேண்டியிருக்கும். ஊர் பேர் தெரியாத விசித்திரப் பின் வைத்த பழைய கியூவை, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், நான் தொடமாட்டேன்.

தம்பியிடம் இதையெல்லாம் சொன்னபோது அவன் கேட்டது ஒன்றே ஒன்று: “அப்போ ஸ்டீலா, ஃபினாலிக்கா?” இத்தனை பேசியும் இப்படிக் கேட்டால் என்ன செய்வது. அவன் உயரம் ஆறடிக்கு மேல், பின்னால் தள்ளிப் பிடிக்கிறவன், அதனால் முன்பாரம் அவனுக்கு ஒத்துவரலாம் என்று நினைத்து ஸ்டீலை முதலில் பார் என்றேன். இருவரும் போய்ப் பார்த்தோம். ஸ்டீல் கியூவின் குமிழ் காலருக்குள் ஆடியது, விளக்கில் பிடித்தால் ஒரு பக்கம் மெல்லிய கீற்றாக வெளிச்சம். ஃபினாலிக் கியூ பூட்டின பூட்டு மாதிரி சேர்ந்தது, சமநிலை பதினெட்டேகால் அங்குலம். அதையே வாங்கினான். மிச்சப் பணத்தில் அன்றைக்கே டிப்பை மாற்றச் சொன்னேன், மாற்றினான். போன வாரம் அணியில் எல்லோரிடமும் அந்தக் கியூவைக் காட்டி “ஃபினாலிக் ஜாயிண்ட் அடியே தனி” என்று விளக்கிக்கொண்டிருந்தான்.